மைக்ரோவேவில் ஓட்ஸ் ஏன் பொங்கி வழிகிறது, கேழ்வரகு ஏன் கட்டி தட்டுகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: சென்னையில் பிஜி அறை. சமைக்க அனுமதி இல்லை, மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு 20 லிட்டர் மைக்ரோவேவ் இருக்கிறது. காலையில் ஓட்ஸ் வைத்தால் பாதி கண்ணாடித் தட்டில் வழிந்து கிடக்கிறது, கிண்ணத்தில் மிஞ்சியதும் ஓரத்தில் கொழகொழ, நடுவில் நறநற. அம்மா கொடுத்துவிட்ட கேழ்வரகு மாவைப் போட்டால் அடியில் அடை மாதிரி ஒரு கட்டி, மேலே வெந்நீர். போதாததற்கு, "அந்தப் பெட்டியில வெச்சா சத்தெல்லாம் செத்துடும்" என்று அம்மா போனில் சொல்கிறார். எத்தனை நிமிடம் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நிமிடத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கிண்ணம் எவ்வளவு பெரியது, பவர் எவ்வளவு?

நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். காலை உணவு மிக்ஸ் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைச் சமையலறையில் 19 வருடம் வேலை பார்த்தேன். பாக்கெட்டின் பின்பக்கம் "செய்முறை" என்று நாலு வரி இருக்கும் அல்லவா, அதை எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. அதனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு வரி ஒரே ஒரு மைக்ரோவேவில், ஒரே ஒரு கிண்ணத்தில் செய்து பார்த்து எழுதியது. கிண்ணத்தின் அளவையும் அடுப்பின் வாட்டையும் நான் எழுதித்தான் கொடுப்பேன். அச்சுக்குப் போகும்போது இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். மிஞ்சுவது "2 நிமிடம் சூடாக்கவும்". அதை நம்பி வைத்தவர்தான் இப்போது தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் பொங்குவது ஏன் என்று பார்ப்போம். உங்கள் மைக்ரோவேவின் மேல் 700 வாட் என்று போட்டிருந்தால், உணவுக்குள் போகும் சக்தி சுமார் அவ்வளவு. (பின்பக்க ஸ்டிக்கரில் 1,100, 1,200 என்று இருப்பது சுவரிலிருந்து அது இழுக்கும் மின்சாரம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) கஞ்சி கொதி வரும் வரை இந்தச் சக்தி தண்ணீரைச் சூடாக்குகிறது. கொதி வந்த பிறகு வெப்பநிலை ஏறாது, வரும் சக்தி முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கவே போகும். 700 வாட்டில் விநாடிக்குச் சுமார் 0.3 கிராம் தண்ணீர் ஆவியாகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1.6 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அப்படியென்றால் உங்கள் குட்டிக் கிண்ணத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய அரை லிட்டர் நீராவி வெளியேறியாக வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் குமிழி மேலே வந்து உடைந்துவிடும். ஓட்ஸ் போட்ட தண்ணீரில் கரைந்த மாவுச்சத்தும் புரதமும், ஓட்ஸுக்கே உரிய பீட்டா குளுக்கான் என்ற வழவழப்பான நார்ச்சத்தும் சேர்ந்து குமிழிக்கு ஒரு தோல் போட்டுவிடுகின்றன. உடையாத குமிழி ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நுரையாகிறது, நுரை விளிம்பைத் தாண்டுகிறது. பால் சேர்த்தால் பாலின் புரதமும் கூட்டுச் சேரும், இன்னும் வேகமாகப் பொங்கும்.

அடுப்பில் இது ஏன் நடப்பதில்லை என்று கேட்கலாம். நடக்கத்தான் செய்கிறது, நாம் விடுவதில்லை. கொதி வந்ததும் கை தானாகத் தீயைச் சிம்மில் வைக்கும், கரண்டி கிளறிக்கொண்டே இருக்கும். மைக்ரோவேவில் வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறோம். பொங்கல் அன்றைக்குப் பானை முன்னால் நின்று பார்ப்பதில் பாதி கவனம் போதும், இந்தச் சிக்கலே வராது.

இன்னொரு விஷயம், கொதிப்பதும் வேகுவதும் ஒன்றல்ல. மாவுச்சத்து பெரும்பாலான தானியங்களில் 60 முதல் 75 டிகிரிக்குள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, குழைய ஆரம்பித்துவிடும். அதற்குத் தளதளவென்று கொதிக்க வேண்டிய தேவையே இல்லை. தேவைப்படுவது தண்ணீர் தானியத்தின் நடுவரை போய்ச் சேருவதற்கான நேரம். மைக்ரோவேவ் சூட்டை அவசரப்படுத்தும், ஊறுவதை அவசரப்படுத்த அதனால் முடியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்தில் பொங்கி வழிந்த அதே ஓட்ஸ், கடித்தால் நடுவில் வேகாமல் இருக்கிறது. நடு வேகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்ரோவேவ் அலை இந்த மாதிரி ஈரமான உணவில் ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேல் பலமாகப் போகாது, ஓரம் முதலில் சூடாகும், நடுவுக்கு அந்தச் சூடு மெல்லப் பரவ வேண்டும். அந்த அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. பெட்டிக்குள் அது எதிரொலித்து, 6 செ.மீ.க்கு ஒன்று என்கிற மாதிரி சூடான இடமும் ஆறிய இடமும் உண்டாகும். தட்டு சுற்றுவது இதை ஈடுகட்டத்தான், ஆனால் சுற்றும் தட்டின் நட்டநடுவில் வைத்த பொருளின் மையம் இடம் மாறுவதே இல்லை. கிண்ணத்தைத் தட்டின் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். சின்ன வேலைதான், வித்தியாசம் தெரியும்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். 40 கிராம் ஓட்ஸ், அதாவது அரை கப். தண்ணீர் 250 மி.லி. கிண்ணம் குறைந்தது ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். குறுகி உயர்ந்த மக் வேண்டாம், அகலமான கண்ணாடிக் கிண்ணமோ பீங்கான் கிண்ணமோ நல்லது. அகலம் கூடக்கூட நுரை மெல்லியதாகப் பரவி உடையும். மூடி போடாதீர்கள், திறந்திருந்தால் நுரையின் மேல்பக்கம் காற்றுப் பட்டுக் கொஞ்சம் ஆறி அடங்கும். ஓட்ஸைத் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் ஊறட்டும், அதற்குள் பல் தேய்த்துவிடலாம். பிறகு முழுப் பவரில் ஒன்றரை நிமிடம், கண்ணாடிக் கதவின் முன் நின்று. ஓரத்தில் வெள்ளை வளையம் மாதிரி நுரை கட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். வெளியே எடுத்து, அடிவரை கரண்டி விட்டு நன்றாகக் கிளறுங்கள். இப்போது பவரை 50 சதவீதத்துக்கு இறக்கி இரண்டு நிமிடம். அப்புறம் கதவைத் திறக்காமல் அப்படியே இரண்டு நிமிடம் விடுங்கள். இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். உண்மையில் நடு வேகுவது அதில்தான். பால், வெல்லம், பழம் எல்லாம் இதற்குப் பிறகு.

மேலே சொன்னது மெல்லிசாக உருட்டிய 'க்விக்' ஓட்ஸுக்கு. தடிமனான ரோல்டு ஓட்ஸ் என்றால் பாதிப் பவரில் நாலு, ஐந்து நிமிடம் தேவைப்படும், தண்ணீரும் ஒரு அரைக்கால் டம்ளர் கூட வேண்டும். இந்த இரண்டுமே ஆலையில் ஏற்கெனவே ஆவி காட்டித் தட்டையாக்கியவை, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் வேகின்றன. ஆவி காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓட்ஸில் கொழுப்பு அதிகம், கொழுப்பை உடைக்கும் நொதியும் அதிகம், சூடு காட்டி அந்த நொதியை முடக்காவிட்டால் சில நாளிலேயே கசந்து காறல் வாடை அடிக்கும். வெட்டிய நொய் மாதிரி வரும் ஸ்டீல் கட் ஓட்ஸை மைக்ரோவேவில் செய்ய வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்தும் செய்து பார்த்தேன். வரும், ஆனால் ஆறேழு தடவை நிறுத்திக் கிளற வேண்டும். ஆபீஸ் போகிற காலையில் அது ஆகாத வேலை.

பவரைக் குறைப்பது பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மைக்ரோவேவில் 50 சதவீதம் என்றால் அலை மெதுவாக வருகிறது என்று அர்த்தம் இல்லை. முழுப் பவரில் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ஓடும். காதை வைத்துக் கேளுங்கள், 'ம்ம்ம்' என்ற கனமான சத்தம் வரும்போது நுரை ஏறும், சத்தம் விட்டு வெறும் ஃபேன் ஓடும்போது நுரை இறங்கும். கஞ்சிக்கு இது உண்மையில் வசதிதான். அடுப்பில் பால் பொங்கும்போது பாத்திரத்தைத் தூக்கித் தூக்கி வைப்போமே, அந்த வேலையை அது செய்கிறது. இன்வெர்ட்டர் வகை என்றால் நிஜமாகவே குறைந்த சக்தி தொடர்ச்சியாக வரும், அது இன்னும் நல்லது. பவர் பட்டனே தெரியவில்லை, எல்லாம் இந்தியில் எழுதி அழிந்துபோயிருக்கிறது என்றால், 20 விநாடி ஓட்டி 20 விநாடி நிறுத்தி நீங்களே அதைச் செய்யலாம்.

சுற்றி இருப்பவர்கள் சொல்லும் உபாயங்களில் எது வேலை செய்யும்? அரை ஸ்பூன் நெய் அல்லது வெண்ணெய் வேலை செய்யும், கொழுப்பு நுரையின் தோலைக் குத்தி உடைக்கும். பால் காய்ச்சும் பாத்திரத்தின் விளிம்பில் வெண்ணெய் தடவும் பழக்கமும் இதே காரணத்துக்குத்தான். கிண்ணத்தின் குறுக்கே மரக்கரண்டி வைப்பது முழுப் பவரில் கால் நிமிடம் தாங்கும், அதற்கு மேல் நுரை கரண்டியையும் விழுங்கிவிட்டுப் போகும். தண்ணீரைக் கூட்டி வைப்பது உதவாது. பொங்குவதும் நிற்காது, கஞ்சியும் நீர்த்துப்போகும்.

இப்போது கேழ்வரகு. ஓட்ஸ் தண்ணீரில் பரவலாகக் கிடக்கும். மாவு அப்படி இல்லை, கலக்கிவிட்ட அரை நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். அடியில் படிந்த மாவு அங்கேயே உப்பிக் குழைந்து கெட்டியாகிறது, அதுதான் உங்கள் அடை. சூடான தண்ணீரில் மாவைக் கொட்டினால் வேறு வகைக் கட்டி வரும்: உருண்டையின் வெளித்தோல் உடனே வெந்து பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். உடைத்துப் பார்த்தால் நடுவில் பொடி தெரியும். இரண்டுக்கும் மருந்து அம்மா செய்வதுதான். முதலில் இரண்டு டேபிள்ஸ்பூன் மாவை (சுமார் 20 கிராம்) கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் விட்டுத் தோசைமாவு போலக் கரையுங்கள், பிறகு மீதித் தண்ணீர் சேர்த்து மொத்தம் 250 மி.லி. ஆக்குங்கள். முழுப் பவரில் 40 விநாடி, எடுத்து அடியோடு கலக்கு, மறுபடி 30 விநாடி, கலக்கு. மூன்றாவது தடவை கரண்டியில் ஒரு இழுவை தெரியும், நிறம் சாம்பலிலிருந்து பழுப்புக்கு இருண்டு ஒரு பளபளப்பு வரும். அந்தக் கட்டம் தாண்டினால் மாவு இனிமேல் படியாது, கஞ்சியே அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பாதிப் பவரில் மூன்று நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளறினால் போதும். பச்சை வாடை போக இந்த மூன்று நிமிடம் கட்டாயம். ஊரில் மாவை அரைத்த பிறகு வறுத்துக் கொடுக்கச் சொன்னால் அதிலும் ஒரு நிமிடம் மிச்சம்.

அம்மா கொடுத்தது முளைகட்டிய கேழ்வரகு மாவு என்றால் கஞ்சி கெட்டிப்படாது, அதைப் பார்த்து மாவை அள்ளிப் போடாதீர்கள். முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் நொதி, சூடு ஏறும் வழியில் மாவுச்சத்தை வெட்டி நீர்க்க வைக்கிறது. குழந்தைகளுக்கு முளைகட்டிய மாவில் கஞ்சி காய்ச்சுவதில் இருக்கும் நன்மையே அது, அதிக மாவு போட்டும் விழுங்கும் பதத்தில் இருக்கும். (குழந்தைக்கு என்று யாராவது இதைப் படித்தால்: மைக்ரோவேவில் வைத்த கஞ்சியில் ஒரு இடம் வெதுவெதுப்பாகவும் பக்கத்து இடம் வாய் வெந்துபோகும் சூடாகவும் இருக்கும். நன்றாகக் கலக்கி, உங்கள் நாக்கில் பார்த்துவிட்டே கொடுங்கள்.) களியை மட்டும் மைக்ரோவேவில் முயற்சிக்க வேண்டாம். களிக்குச் சூட்டை விடத் துடுப்புதான் முக்கியம். ஸ்காட்லாந்துக்காரர்களும் ஓட்ஸ் கஞ்சி கிண்ட ஒரு மரக்குச்சி வைத்திருக்கிறார்கள், அவர்கள் பெயரில் ஸ்பர்ட்டில். கார்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் 1994 முதல் கஞ்சி காய்ச்சும் உலகப் போட்டியே நடக்கிறது, ஜெயித்தவருக்குப் பரிசின் பெயர் தங்க ஸ்பர்ட்டில். கிண்டுகிற கைக்குத்தான் அங்கேயும் மரியாதை.

அம்மாவின் கவலைக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. மைக்ரோவேவ் அலை ரேடியோ அலையின் குடும்பம், உணவை அது சூடாக்க மட்டும்தான் செய்யும். பெட்டி நின்ற அடுத்த நொடி உணவுக்குள் அலை எதுவும் மிச்சம் இருக்காது. கேழ்வரகின் பெருமை கால்சியம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அது ஒரு தாது, எந்தச் சூட்டிலும் அழியாது. ஓட்ஸின் பீட்டா குளுக்கானும் கஞ்சி காய்ச்சும் சூட்டில் போய்விடாது. சூட்டில் குறைவது தயமின் போன்ற சில பி வைட்டமின்கள். அவை அடுப்பிலும் குறையும், எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு என்பதுதான் கணக்கு. வடித்துக் கொட்டும் சோற்றில் தண்ணீரோடும் கொஞ்சம் போகும், கஞ்சியில் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிடுகிறோம். உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்றும் உண்டு. "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மைக்ரோவேவ் கஞ்சி நல்லதா அடுப்புக் கஞ்சி நல்லதா" என்று கேட்பவர்களுக்கு என்னால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. எவ்வளவு குழைந்தது, எவ்வளவு சாப்பிட்டார், கூட என்ன சாப்பிட்டார் என்று எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது அது. அதை டாக்டரிடமும் குளுக்கோமீட்டரிடமும் விட்டுவிடுகிறேன்.

சத்தைவிட நான் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, வெறும் தண்ணீரை மட்டும் மைக்ரோவேவில் கொதிக்க வைத்து, அதில் ஓட்ஸைக் கொட்டுவது. வழுவழுப்பான கண்ணாடியில் தண்ணீர் சில நேரம் 100 டிகிரியைத் தாண்டியும் குமிழி விடாமல் சாதுவாக நிற்கும். ஒரு ஸ்பூன் பட்டாலோ ஒரு பிடி ஓட்ஸ் விழுந்தாலோ மொத்தமாகச் சீறி எழும். எங்கள் சமையலறையில் கூட வேலை பார்த்த ஒருவருக்கு மணிக்கட்டு முழுக்கக் கொப்புளம், அன்றிலிருந்து அங்கே தண்ணீர்க் கோப்பையில் ஐஸ் குச்சி போடாமல் யாரும் பட்டனைத் தொட்டதில்லை. ஓட்ஸையும் தண்ணீரையும் முதலிலேயே சேர்த்து வைத்தால் இந்த ஆபத்து அநேகமாக இல்லை. இரண்டாவது, ராத்திரியே கஞ்சி செய்து மேஜை மேல் வைத்துவிட்டுக் காலையில் சூடு பண்ணுவது. வெந்த தானியத்தில், அதுவும் சென்னை வெக்கையில், பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது விடும் ஒரு நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது, வாந்தி எடுக்க வைக்கும். பழைய சோற்றைக் காட்டிக் கேட்பீர்கள். அது தண்ணீரில் மூழ்கிப் புளித்து வருவது, அந்தப் புளிப்புதான் அதற்குக் காவல். மைக்ரோவேவ் கஞ்சிக்கு அந்தக் காவல் கிடையாது. முன்கூட்டியே செய்ய வேண்டுமென்றால் வேகாத ஓட்ஸைத் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். காலையில் பாதிப் பவரில் மூன்று நிமிடம் போதும், பொங்குவதும் குறைவு.

பாத்திரம் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது எவர்சில்வர் டம்ளரோடு போய் நிற்பார்கள். எவர்சில்வர் வேண்டாம், ஓரத்தில் தங்கக் கோடு போட்ட பீங்கானும் வேண்டாம், பொறி பறக்கும். பார்க்கப் பீங்கான் மாதிரியே இருக்கும் மெலமைன் தட்டும் ஆகாது. பொங்கி வழிந்ததை அன்றே துடைத்துவிடுங்கள். உள்ளே வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு மைக்கா தகடு இருக்கும், அலை வரும் வாசல் அதுதான். கஞ்சி தெறித்து அதில் காய்ந்தால் அடுத்தடுத்த நாள் அந்தப் பொட்டு கருகும், பிறகு அங்கேயே பொறி அடிக்கும். ஈரத்துணியால் மெதுவாக, தேய்க்காமல் துடைக்க வேண்டும். தகடு ஏற்கெனவே கருத்திருந்தால் பிஜி உரிமையாளரிடம் மாற்றச் சொல்லுங்கள், விலை அதிகம் இல்லை.

சாமை, வரகு முழுதாக வைத்து மைக்ரோவேவில் கஞ்சி செய்யலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நான் செய்தவரையில் திருப்தியாக வந்ததில்லை. ரவையாக உடைத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் ஓரளவு வரும். கோதுமை ரவையும் அதே மாதிரிதான். வெள்ளை ரவை மட்டும் சுலபம், ஒரு டம்ளர் பாலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், கேழ்வரகுக்குச் சொன்ன அதே நிறுத்திக் கலக்கும் முறை.

மேலே கொடுத்த நிமிடமெல்லாம் 700 வாட்டுக்கு, கொஞ்சம் உழைத்த மெஷின் என்றால் மாறும். நாளைக்கு ஒரு சோதனை செய்யுங்கள். 250 மி.லி. குழாய்த் தண்ணீர், உள்ளே ஒரு ஐஸ் குச்சி, முழுப் பவர். தளதளவென்று கொதி வர இரண்டு, இரண்டேகால் நிமிடம் ஆனால் என் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும். மூன்று நிமிடம் ஆனால் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆனது என்று இங்கே எழுதுங்கள், கிண்ணத்தின் அளவையும் சேர்த்து.